மறைப்பதும் உரைப்பதும்

பிறர் குறையை மறைப்பது பெருங்குணம். அண்டை வீட்டாரின் தவறு ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் அதனை நெஞ்சோடு புதைத்துவிட வேண்டும் என்றே நம் முன்னோர் நமக்குக் கற்பித்தனர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் போதனையும் அதுவே. உண்மை உரைப்பதும் பெருங்குணம். அதனையும் அதே முன்னோரிடமே கற்றோம். இவ்விரண்டு குணங்களும் பெரும்பாலும் ஒரு வயிற்றுப் பிள்ளைகளைப் போல் ஒன்றோடொன்று இணங்கியே வாழ்கின்றன. சில இடங்களிலோ ஒன்றையொன்று எதிர்த்து நிற்கின்றன. அத்தகைய இடங்களுள் ஒன்று மருத்துவமனைக் கட்டில்.

குடும்பத்தில் ஒருவருக்குக் குடிப்பழக்கம் இருக்கின்றது என வைத்துக்கொள்வோம். ஊருக்குத் தெரியாது, ஜமாஅத்துக்குத் தெரியாது, சம்பந்தி வீட்டாருக்குத் தெரியாது. மனைவிக்குத் தெரியும், மூத்த மகனுக்குத் தெரியும். ஒரு நாள் அவர் படியில் தவறி விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொள்கின்றார். மருத்துவமனையில் சேர்க்கின்றனர். பழக்கவழக்கங்களைப் பற்றி மருத்துவர் வினவும்போது, "வாப்பாவுக்கு அந்தப் பழக்கமெல்லாம் கிடையாது, டாக்டர்" என்று மகன் விடை கூறுகின்றான். கேட்டுக்கொண்டு படுத்திருக்கும் தந்தையும் கண்ணை மூடிக்கொள்கின்றார். எலும்பைச் சேர்க்கும் அறுவை செவ்வனே முடிகின்றது. இரண்டாம் நாள் கை நடுங்குகின்றது, உடல் வியர்க்கின்றது, உறக்கம் வரவில்லை. மூன்றாம் நாள் இரவு அவர் சுவரைக் காட்டிப் பூச்சி ஊர்கின்றது என்கின்றார். இல்லாத மனிதர்களோடு உரையாடுகின்றார். மாவுக்கட்டோடு எழுந்து ஓட முயல்கின்றார். மயக்க மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்கின்றார் ஒருவர். கண்ணேறு என்கின்றார் ஒருவர். ஜின்னின் சேட்டை என்கின்றார் மற்றொருவர். காரணம் தெரிந்த இருவரோ வாய் திறவாமல் நிற்கின்றனர்.

அவ்விருவரும் செய்வது அறமா என்பதே நம்முன் உள்ள கேள்வி. அதற்கு விடை காணுமுன், கட்டிலில் கிடப்பவருக்கு நேர்ந்தது இன்னதென அறிந்துகொள்ள வேண்டும். அறியாமல் தீர்ப்புரைப்பது நீதியாகாது.

மூளையில் எழுச்சியூட்டும் வேதிப்பொருள்களும் உண்டு. தணிவிக்கும் வேதிப்பொருள்களும் உண்டு. மது தணிவிக்கும் பக்கத்தின் கையை வலுப்படுத்துகின்றது. எழுச்சிப் பக்கத்தின் கையைக் கட்டுகின்றது. நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவனுடைய மூளை, இந்த அழுத்தத்திற்கு ஈடுகொடுக்கத் தன் எழுச்சியைச் சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டே போகின்றது. சாய்ந்த சுவருக்கு முட்டுக் கொடுப்பது போன்றது இது. திடீரென மது நின்றுவிட்டால் அழுத்தம் அகன்றுவிடுகின்றது. கூட்டிவைத்த எழுச்சி மட்டும் அடங்காமல் நிற்கின்றது. கை நடுக்கமும் வியர்வையும் நாடித் துடிப்பின் வேகமும் இரத்த அழுத்த உயர்வும் இதன் வெளிப்பாடுகளே.

கடைசியாகக் குடித்த 6 மணி நேரத்திலிருந்து நடுக்கமும் குமட்டலும் பதற்றமும் தொடங்கும். முதல் 48 மணி நேரத்திற்குள் சிலருக்கு வலிப்பு வரும். சிலருக்கு இல்லாத உருவங்கள் தோன்றும். இல்லாத குரல்கள் கேட்கும். மூன்றாம் நாளை ஒட்டியே பெரிய ஆபத்து வருகின்றது. காலமும் இடமும் மறந்து, காய்ச்சலும் பிதற்றலுமாக நோயாளி கலங்கிப் போகும் நிலை அது. இதற்கு 'டெலிரியம் ட்ரெமென்ஸ்', அதாவது நடுக்கச் சன்னி, என்று 1813ஆம் ஆண்டில் பெயரிட்டவர் தாமஸ் சட்டன் என்னும் ஆங்கிலேய மருத்துவர். குடியை நிறுத்துவோரில் பெரும்பாலோர்க்கு இவ்வளவு தூரம் போவதில்லை. நடுக்கத்தோடும் உறக்கமின்மையோடும் கழிந்துவிடுகின்றது. மருத்துவமனையில் சேர்வோருள் நூற்றில் ஏறத்தாழ ஐவருக்கே சன்னி காண்கின்றது. ஆயின் உரிய மருந்து இல்லாத காலத்தில் அச்சன்னி கண்டவர்களுள் மூவரில் ஒருவர் வரை மாண்டனர். இன்று காலத்தே அறிந்து மருத்துவம் செய்தால் நூற்றுக்கு ஐவருக்கும் குறைவானவர்களையே இழக்கின்றோம். "காலத்தே அறிந்து" என்னும் சொற்களை வாசகர்கள் நினைவில் இருத்த வேண்டுகின்றோம்.

இச்சன்னி குடித்ததால் வருவதா, குடி நின்றதால் வருவதா என்னும் ஐயம் நெடுநாள் நீடித்தது. நல்ல உணவின்மையால் வருவதென்றும் பலர் கருதினர். பாஸ்டன் நகர மருத்துவமனையில் விக்டர், ஆடம்ஸ் என்னும் இருவர் நூற்றுக்கணக்கான நோயாளிகளைக் கூர்ந்து நோக்கி, மது நின்றதற்கும் இக்குறிகளுக்கும் உள்ள தொடர்பை 1953இல் எழுதினர். 1955இல் ஹாரிஸ் இஸ்பெல் என்பவரும் அவருடைய துணைவர்களும் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டனர். அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்து லெக்சிங்டனில் 10 பேருக்கு நல்ல உணவும் வைட்டமின்களும் கொடுத்து, கூடவே நாள்தோறும் மதுவையும் கொடுத்தனர். அவர்களுள் 48 நாள் முதல் 87 நாள் வரை குடித்தவர்களுக்கு மதுவை நிறுத்தியதும் நடுக்கமும், சிலருக்கு வலிப்பும், சிலருக்குச் சன்னியும் கண்டன. ஐயம் தீர்ந்தது. ஆனால் அப்பதின்மரும் முன்பு மார்ஃபினுக்கு அடிமையாயிருந்து தண்டனை பெற்ற கைதிகள். இன்று அத்தகைய சோதனையை எந்த அறநெறிக் குழுவும் அனுமதிக்காது. நம் வீட்டு நோயாளியின் உயிரைக் காக்கும் இவ்வறிவுக்கு, உரத்து மறுக்கும் நிலையில் இல்லாத பத்து மனிதர்களின் உடல்கள் விலையாகக் கொடுக்கப்பட்டுள்ளன. விலை கொடுத்துப் பெற்ற அறிவை வெட்கத்தால் பயன்படுத்தாமல் விடுவது மற்றுமொரு அநீதியாகும்.

இனி மருத்துவம். 1960இல் குளோர்டையசிபாக்சைடு என்னும் மருந்து விற்பனைக்கு வந்தது. அதனைத் தொடர்ந்து டயசிபாம் வந்தது. மது அகன்றதால் ஓங்கி நிற்கும் எழுச்சியை இவை தணிக்கின்றன. பின்னர்ச் சில நாள்களில் படிப்படியாகக் குறைத்து நிறுத்தப்படுகின்றன. அமெரிக்கப் படைவீரர் மருத்துவமனைகளில் 537 நோயாளிகளிடம் பல மருந்துகளை ஒப்பிட்டு 1969இல் வெளியிட்ட ஆய்வில், குளோர்டையசிபாக்சைடு பெற்றோருக்கே வலிப்பும் சன்னியும் மிகக் குறைவாக வந்தன. ஈரல் கெட்டவர்களுக்கும் முதியோர்க்கும் லோராசிபாம் போன்றவற்றை மருத்துவர்கள் விரும்புவர்.

எவ்வளவு கொடுப்பது என்பதற்கும் ஓர் அளவுகோல் உண்டு. கனடாவின் டொரன்டோ நகரத்து ஆய்வாளர்கள் 1989இல் செப்பம் செய்து வெளியிட்டது அது. குமட்டல், நடுக்கம், வியர்வை, பதற்றம், அமைதியின்மை, தொடுகை மயக்கம், செவி மயக்கம், கண் மயக்கம், தலைவலி, காலஇட உணர்வு ஆகிய பத்தினையும் செவிலியர் பார்த்தும் கேட்டும் எண்ணிடுவர். மொத்தம் 67. எண்ணிக்கை உயர்ந்தால் மருந்து, தாழ்ந்தால் கண்காணிப்பு. இவ்வாறு குறி கண்டு கொடுப்பதையும், கடிகாரம் பார்த்துக் கொடுப்பதையும் 101 பேரிடம் ஒப்பிட்ட ஓர் ஆய்வு 1994இல் வெளிவந்தது. குறி கண்டு கொடுத்தோரின் மருத்துவம் சுமார் 9 மணி நேரத்தில் முடிந்தது. மற்றவர்களுக்கு 68 மணி நேரம் ஆயிற்று. முன்னவர்க்கு 100 மில்லிகிராம் போதுமாயிருந்தது. பின்னவர்க்கு 425 மில்லிகிராம் சென்றது. அக்கறையோடு அருகிருந்து பார்ப்பதே ஒரு மருந்து என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுமோ?

மற்றொன்றும் உண்டு. நெடுநாள் குடிப்பவரின் உடலில் தயமின் என்னும் வைட்டமின் பி1 வற்றிப் போயிருக்கும். அதனால் கண்ணசைவு பிறழ்ந்து, நடை தள்ளாடி, அறிவு கலங்கும் நோயை 1881இல் கார்ல் வெர்னிக்கே விளக்கினார். கவனியாது விட்டால் நினைவாற்றல் நிலையாகவே அழிந்துபோகக்கூடும். குடிப்பழக்கம் உள்ளவர் என அறிந்த மருத்துவர் குளுக்கோஸ் ஏற்றுமுன்னரோ உடனோ தயமினை ஊசிவழி கொடுத்துவிடுவார். அறியாத மருத்துவர் குளுக்கோஸை மட்டும் ஏற்றுவார். அது இருக்கும் சிறிது தயமினையும் செலவழித்துவிடக்கூடும். மலிவான ஓர் ஊசி மருந்துக்கும் மீளாத மறதிக்கும் இடையில் நிற்பது மகன் சொல்லாமல் விட்ட ஒரே ஒரு வாக்கியம்!

மருத்துவர்கள் தாமே கண்டுகொள்ளக் கூடாதா எனச் சிலர் வினவலாம். கண்டுகொள்பவர்களும் உளர். ஆனால் நடுக்கமும் பிதற்றலும் தலைக்காயத்தாலும் வரும்; கிருமித் தொற்றாலும் வரும்; சர்க்கரை குறைவதாலும் ஈரல் பழுதாலும் வரும். ஒவ்வொன்றாகத் தேடி விலக்கி வருவதற்குள் மூன்றாம் நாள் கழிந்துவிடுகின்றது. நம் குடும்பங்களுக்கென்றே ஒரு தனி ஆபத்தும் உண்டு. அட்டையில் எழுதிய பெயரைப் பார்த்தவுடனே, "இவர்கள் குடிக்காதவர்கள்" என்று எண்ணி அந்தக் கேள்வியையே கேளாது விடும் மருத்துவர்கள் உண்டு. நம் மார்க்கத்தின்மீது அவர்கள் கொண்ட மதிப்பு அது. அந்த மதிப்பே நம் நோயாளிக்கு எமனாகிவிடக் கூடாது. கேட்டால் மறைக்கின்றோம் என்பது ஒரு குறை; கேளாதபோது நாமாகச் சொல்ல வேண்டியிருக்கின்றது என்பது ஒரு கூடுதல் கடமை.

மறைப்பதற்குக் குடும்பத்தார் கூறும் காரணங்களை நாம் எளிதில் தள்ளிவிடவில்லை. மணப்பருவத்தில் ஒரு மகள் இருக்கின்றாள். செய்தி பரவினால் அவள் வாழ்வு என்னாகும் என்று தாய் அஞ்சுகின்றாள். மருத்துவக் குறிப்பில் மது என்று எழுதிவிட்டால் காப்பீட்டுப் பணம் மறுக்கப்படுமோ என்று மகன் அஞ்சுகின்றான். இவ்வச்சங்கள் வெறுங்கற்பனை அல்ல. உண்மை உரைப்பதற்குச் சில வேளை விலை கொடுக்கவே நேரும். ஆனால் மறைத்தால் கொடுக்கும் விலை ஓர் உயிராக இருக்கக்கூடும். பணமும் பெயரும் ஒரு தட்டில், உயிரும் அறிவும் மறுதட்டில் என்றால் தராசு எப்பக்கம் தாழும் என்பதற்கு ஆலிம்களைத் தேடிப் போக வேண்டியதில்லை.

ஆயினும் ஆலிம்கள் இதுபற்றி மௌனமாக இருக்கவில்லை. புறம் பேசுதல் எத்துணைக் கொடிய பாவம் என விரித்துரைத்த இமாம் கஸ்ஸாலி அவர்களே, அது விலக்கப்படாத ஆறு இடங்களையும் எடுத்துக் காட்டினார்கள். இமாம் நவவீ அவர்களும் அவ்வாறே எண்ணிக் கூறினார்கள். தீமையை நீக்க உதவி தேடி, நீக்க வல்லவரிடம் உரைப்பது அவற்றுள் ஒன்று. மருத்துவரிடம் உரைப்பது இவ்வகையைச் சேர்ந்ததென்றே நாம் கருதுகின்றோம். குறையை மறைக்கும் அறம் தெருவுக்கு உரியது, திண்ணைக்கு உரியது, திருமணப் பந்தலுக்கு உரியது. தீர்க்க வல்லவர் முன் அதே அறத்தைக் காட்டுவது, தீப்பற்றிய வீட்டின் கதவைக் கண்ணியத்துக்காகச் சாத்திவைப்பதைப் போன்றதாகும்.

மருத்துவருக்கும் இதில் பங்குண்டு. அவரிடம் சொல்லப்பட்டது அமானிதம். உறவினர் பத்துப் பேர் சூழ நிற்கையில், "குடிப்பீர்களா?" என்று உரத்துக் கேட்பவர் உண்மையைப் பெற மாட்டார். திரையை இழுத்துவிட்டு, நோயாளியிடம் தனியே, இகழ்ச்சி தோன்றாத குரலில் கேட்பவரே பெறுவார். நம் நாட்டின் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், மதுவினால் வரும் மனநிலைக் கோளாறுகளையும் மனநோய்களுள் அடக்குகின்றது. அந்நோயாளிக்கு இரகசியம் காக்கப்படும் உரிமையையும் வழங்குகின்றது. சொல்லத் துணிபவனுக்குக் கேட்பவன் தரும் பாதுகாப்பே வாய்மையின் பாதி.

இனி மற்றொரு கேள்வி. "ஹராமானதைக் குடித்தவன், அதன் வேதனையை அனுபவிக்கட்டுமே! நாம் ஏன் தணிக்க வேண்டும்?" என்று நல்லவர்கள் சிலரே கேட்கக் கேட்டிருக்கின்றோம். அவர்கள் கோபத்தில் நியாயம் உண்டு. குடிப்பவனால் மனைவியும் மக்களும் பட்ட துயரம் கொஞ்சமன்று. எனினும் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். ஷரீஅத்தின் நோக்கங்களைத் தொகுத்த இமாம் கஸ்ஸாலி அவர்கள், மார்க்கம், உயிர், அறிவு, சந்ததி, பொருள் என்னும் ஐந்தின் பாதுகாப்பை எண்ணினார்கள். மது விலக்கப்பட்டது அறிவைக் காக்கும்பொருட்டு. மது நின்றதால் சன்னி கண்டவனிடத்தில் இப்போது அழிந்துகொண்டிருப்பது எது? அதே அறிவு, அத்துடன் உயிர். எந்த நோக்கத்திற்காக மது தடுக்கப்பட்டதோ அதே நோக்கம் அவனுக்கு மருத்துவம் செய்வதையும் கேட்கின்றது. தடையை மதித்து நோக்கத்தைக் கைவிடுவது மதிப்பாகாது. மேலும், அவன் நடுங்குவது குடித்துக்கொண்டிருப்பதனால் அன்று, குடியாமல் இருப்பதனால். நன்மையின் பக்கம் அவன் எடுத்து வைத்த, அல்லது வைக்க நேர்ந்த, முதல் அடியிலேயே அவன் விழுகின்றான். அங்குத் தாங்கிப் பிடிப்பதா, வேடிக்கை பார்ப்பதா?

"ஒரு போதைக்கு மாற்றாக மற்றொரு போதையா?" என்பாரும் உளர். இம்மருந்துகளும் நெடுநாள் உண்டால் அடிமைப்படுத்துவனவே, மறுக்கவில்லை. அதனாலேயே அவை அளந்து, குறைத்து, சில நாள்களில் நிறுத்தப்படுகின்றன. முற்காலத்தில் மருத்துவமனைகள் சிலவற்றில் மதுவையே சிறிது சிறிதாகக் கொடுத்துச் சமாளித்ததும் உண்டு. இன்றைய மருத்துவ வழிகாட்டல்கள் அதனைப் பரிந்துரைப்பதில்லை.

இவ்வேறுபாடு எத்துணை முக்கியமானது என்பதை அண்மைக் கால நிகழ்ச்சி ஒன்று காட்டிற்று. 2020 மார்ச் 25 முதல் நாடு முழுவதும் ஊரடங்கு வந்தபோது மதுக்கடைகள் ஒரே நாளில் மூடப்பட்டன. கேரளத்தில் குடியின்றித் தவித்தோர் சிலர் தம் உயிரை மாய்த்துக்கொண்டதாகச் செய்திகள் வந்தன. மார்ச் 30ஆம் நாள் அம்மாநில அரசு, மது நின்றதால் துன்புறுவோர் மருத்துவரின் சான்று பெற்று மது வாங்கிக்கொள்ளலாம் என ஆணையிட்டது. மருத்துவர் சங்கங்கள் இதனை எதிர்த்தன. ஏப்ரல் 2ஆம் நாள் கேரள உயர்நீதிமன்றம் ஆணையை நிறுத்தி வைத்தது. அரசின் நோக்கம் தீயதென்று நாம் சொல்ல மாட்டோம். மக்கள் மாள்வதைக் காண அதற்கும் மனமில்லை. ஆனால் மருத்துவர்கள் சொன்னது சரி: இத்துன்பத்திற்கு மருந்து உண்டு; மருத்துவமனை உண்டு; அவற்றை விட்டு மதுக்கடைக்குச் சீட்டெழுதுவது மருத்துவமன்று. அந்நாள்கள் மற்றொரு பாடத்தையும் புகட்டின. மது அகன்றால் துன்பமும் அகலும் என்று எண்ணியிருந்த சமுதாயம், திடீரென அகன்றால் வேறொரு துன்பம் வரும் என்பதை அன்று கண்கூடாகக் கண்டது.

இதே தவற்றைச் சில வீடுகளும் செய்கின்றன. திருந்தட்டும் என்று மகனை அறைக்குள் பூட்டிவைக்கும் தந்தையர் உண்டு. அன்பினால் செய்வதே, ஆயினும் நெடுநாள் மிகுதியாகக் குடித்தவனையும், முன்பு வலிப்போ சன்னியோ கண்டவனையும் மருத்துவக் கண்காணிப்பின்றி அவ்வாறு திடீரென நிறுத்தச் செய்வது ஆபத்தானது. ஒவ்வொரு முறை நிறுத்தி மீண்டும் தொடங்கும்போதும் அடுத்த முறை வரும் குறிகள் கடுமையாகக்கூடும் என்பதையும் மருத்துவர்கள் கண்டுள்ளனர்.

மதீனத்து மக்கள் மட்டும் ஒரே நாளில் மதுவைத் தெருவில் கொட்டிவிடவில்லையா என்று கேட்கத் தோன்றும். கொட்டினார்கள், வரலாறு அதனைப் போற்றுகின்றது. ஆனால் அந்த இறுதிக் கட்டளை முதற்கட்டளையாக வரவில்லை. முதலில் மதுவின் தீங்கு அதன் பயனினும் பெரிதென உணர்த்தப்பட்டது; அடுத்து, போதையோடு தொழுகையை நெருங்குவது தடுக்கப்பட்டது; அதன்பின்னரே முற்றான விலக்கு வந்தது. ஐவேளைத் தொழுகை உடைய ஒரு சமுதாயத்தில் இரண்டாம் படியே குடிக்கும் நேரத்தைப் பெரிதும் சுருக்கிவிட்டது என விரிவுரையாளர் சுட்டுவர். திருமறையை மருத்துவ நூலாக்கிக் காட்டுவது நம் எண்ணமன்று. மனிதனின் பலவீனத்தை அறிந்து, ஆயத்தம் செய்து, பின்னர் விலக்குவதில் கருணை உண்டு என்பதை மட்டுமே சொல்ல வருகின்றோம்.

எனவே நம் வீட்டார் ஒருவர் எந்நோய்க்காக மருத்துவமனையில் சேர்ந்தாலும், குடிப்பழக்கம் உண்டெனில் மூன்று செய்திகளை மருத்துவரிடம் தனியே சொல்லிவிட வேண்டும்: நாளொன்றுக்கு எவ்வளவு, எத்தனை ஆண்டுகளாக, கடைசியாகக் குடித்தது எந்நாள், எந்நேரம். முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்ததுண்டெனில் அதனையும் சொல்ல வேண்டும். சன்னி கண்டுவிட்டால் கூட்டம் கூடாமல், தெரிந்த முகம் ஒன்று அருகிருந்து, விளக்கை அணைக்காமல், "நீங்கள் மருத்துவமனையில் இருக்கின்றீர்கள், நான் உங்கள் மகன், இன்று வியாழக்கிழமை" என்று மெல்ல மெல்லச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். கலங்கிய அறிவு பற்றிக்கொள்ள அதுவும் ஒரு கயிறு.

வேதனை தணிந்து அவர் வீடு திரும்பும் நாளில் சிகிச்சை முடிந்துவிட்டதென எண்ணிவிடக் கூடாது. தீர்ந்தது உடலின் நடுக்கம். குடியின் நாட்டம் அங்கேயே இருக்கின்றது. அதற்கான மருத்துவம் அன்றே தொடங்குகின்றது. 1980இல் சென்னையில் நிறுவப்பட்ட டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளை போன்ற நிலையங்கள் இப்பணியை நெடுங்காலமாகச் செய்து வருகின்றன. அங்கு அழைத்துச் செல்வதும் குடும்பத்தின் கடமையே.

அங்கும் முதலில் கேட்கப்படுவது உண்மைதான். மருத்துவமனைக் கட்டிலருகே வாய் திறந்த மகனுக்கு அது இரண்டாம் முறை எளிதாக இருக்கும். தந்தையின் குறையை அவன் ஊருக்கு உரைக்கவில்லை. உயிரைக் காக்க வேண்டியவரிடம் உரைத்தான். அவ்வாறு உரைத்தவன் தந்தையின் மானத்தைக் கெடுத்தவன் அல்லன். அவருக்குத் தவ்பாச் செய்ய நாள் வாங்கிக் கொடுத்தவன்.